கடைசி ஆளுக்குக் கேட்கிறதா?

அம்பாசமுத்திரத்தில் அப்பா மைக் செட் கடை வைத்திருந்தார். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு வீடு, கட்சிக் கூட்டம் என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். பத்து வயதிலிருந்தே நானும் கூடப் போவேன். குழாயைக் கட்டி, ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, மைக்கை இரண்டு தட்டுத் தட்டிய பிறகு அப்பா எனக்கு ஒரே ஒரு வேலை சொல்வார்.

“ஏல, கடைசி ஆளுக்குக் கேக்கான்னு பாத்துட்டு வா.”

கூட்டத்தின் வால் எங்கே முடிகிறதோ அங்கே ஓடுவேன். பெரும்பாலும் அங்கே யாராவது சைக்கிளில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பார், அல்லது பேரப்பிள்ளையோடு ஒரு பாட்டி மணலில் உட்கார்ந்திருப்பாள். அவர்கள் பக்கத்தில் நின்று மேடையைப் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும். பேச்சு புரிந்தால் ஒரு கை. சத்தம் வந்து வார்த்தை புரியவில்லை என்றால் இரண்டு கை. இரண்டு கையைப் பார்த்தால் அப்பா சத்தத்தைக் கூட்ட மாட்டார். ஆளை ஏற்றிக் குழாயின் வாயைத் திருப்புவார், அல்லது பேசுகிறவரிடம் போய் மைக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துவிட்டு வருவார். “சத்தம் வேற, பேச்சு வேறல” என்பார்.

அந்தப் பாடத்தோடுதான் 1998-இல் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். மைக் செட் தெரிந்தவன் என்பதால் விழா மேடை என் பொறுப்பானது. பிறகு ஓவர்ஹெட் புரொஜெக்டர், எல்சிடி புரொஜெக்டர், ஸ்மார்ட் போர்டு என்று வகுப்பறைக்குள் வந்த ஒவ்வொரு பெட்டியும் என் கைக்கு வந்தது. வாத்தியார்களுக்கு நான் அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு அண்ணன். பாதிப் பேர் வகுப்பிலும் பாதிப் பேர் வீட்டிலுமாக இருந்து ஒரே பாடத்தைப் படிக்கிற கலப்பு வகுப்பை நான் அந்த இடத்திலிருந்துதான் பார்த்தேன். பாடம் நடத்தியவன் இல்லை, பாடம் போய்ச் சேருகிற வழியைப் பார்த்துக்கொண்டவன்.

*

கல்லூரியில் சேர்ந்து சில வருஷம் கழித்து மொட்டை மாடியில் ஒரு டிஷ் பொருத்தினோம். 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் ஏவப்பட்டிருந்தது. கல்விக்கென்றே நம் நாடு அனுப்பிய முதல் செயற்கைக்கோள் அது. அதற்கு முன்பே, 1984 முதல், பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்லூரிப் பாட நிகழ்ச்சிகள் தூர்தர்ஷனில் வந்துகொண்டிருந்தன. எஜுசாட்டின் புதுமை, திரும்பிப் பேச வழி வைத்ததுதான். ஆனால் அதற்கு இரண்டு வகை முனையங்கள் உண்டு. ஒன்றில் பார்க்கலாம், கேட்கலாம், இங்கிருந்து பேசவும் செய்யலாம். இன்னொன்றில் பார்க்கலாம், கேட்கலாம், அவ்வளவுதான். எங்கள் மாடிக்கு வந்தது இரண்டாவது வகை.

முதல் வாரம் அறை கொள்ளாத கூட்டம். திரையில் எங்கோ ஒரு பெரிய பேராசிரியர் அருமையாக நடத்தினார். மூன்றாம் மாதம் முன்வரிசை கூட நிறையவில்லை. இயற்பியல் படித்த ஒரு பையன் என்னிடம் வந்து, “அண்ணே, இந்த சார்ட்ட சந்தேகம் கேக்க முடியாதா?” என்றான். முடியாது என்றேன். “அப்ப எதுக்குண்ணே நேரத்துக்கு வந்து உக்காரணும்?” என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. 2010-இல் எஜுசாட்டுக்கு ஓய்வு கொடுத்தார்கள். டிஷ் மாடியிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. அந்தப் பையன் கேட்ட கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

*

2020 மார்ச்சில் கல்லூரி மூடியது. அதற்குப் பிறகான மாதங்களில் எல்லோரும் வீட்டிலிருந்தார்கள், எல்லோருக்கும் ஒரே கஷ்டம். என் வேலைக்கு உண்மையான சோதனை 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி வந்தது. அன்று கல்லூரிகள் திறந்தன. எங்கள் கல்லூரியில் சுழற்சி முறை: ஒரு நாள் பாதிப் பேர் வகுப்பில், மீதிப் பேர் வீட்டில், மறுநாள் மாற்றி. வாத்தியார் மட்டும் ஒருவர்தான்.

வகுப்புகளுக்குப் பெரிய தொடுதிரையும் அதன் தலையில் ஒரு கேமராவும் வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். கணிதத் துறையில் முதல் வகுப்பு. பெட்டி எல்லாம் வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டு நான் என் அறைக்குப் போய்விட்டேன். மாலையில் கடையநல்லூரிலிருந்து ஒரு மாணவி வகுப்புக் குழுவில் போட்டிருந்த குரல் பதிவை அந்த வாத்தியார் எனக்குப் போட்டுக் காட்டினார். “சார், நீங்க போர்டுப் பக்கம் திரும்புனதும் ஃபேன் சத்தம் மட்டும்தான் சார் கேட்டுச்சு. பிள்ளைங்க சிரிச்சது கேட்டுச்சு. எதுக்குன்னு தெரியல.”

எனக்கு உறைத்தது. அப்பா பத்து வயதில் கற்றுக்கொடுத்ததை நான் செய்யவில்லை. மேடையில் நின்று மைக்கைத் தட்டினேன். கூட்டத்தின் வாலுக்குப் போகவில்லை. இந்தக் கூட்டத்தின் வால் கடையநல்லூரில் இருந்தது.

மறுநாள் விலை குறைந்த ஒரு செல்போனை எடுத்துக்கொண்டு, கல்லூரி வைஃபை எட்டாத பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, அதே வகுப்பில் மாணவனாகச் சேர்ந்தேன். முழுதாக ஒரு மணி நேரம். இன்றைக்கும் எந்த வகுப்பறையை அமைத்தாலும் முதல் பாடத்தை வெளியே போய்ச் சாதாரண போனில், மொபைல் டேட்டாவில் கேட்காமல் வேலை முடிந்தது என்று சொல்வதில்லை. கலப்பு வகுப்பு வைக்கிற கல்லூரிகளுக்கு ஒரே ஒரு யோசனை சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டது இதுதான். படம் மங்கினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு உடைந்தால் பத்து நிமிஷத்தில் மனம் வெளியே போய்விடும். கல்லூரி செலவழித்த பணத்தில் பெரும்பங்கு படத்துக்குப் போயிருந்தது. ஒலிக்கு என்று தனியாக எதுவும் வாங்கவில்லை.

*

வகுப்பறை 30 அடிக்கு 24 அடி. சிமெண்ட் பூச்சுச் சுவர், மொசைக் தரை, கான்கிரீட் கூரை, நாலு மின்விசிறி. மேஜை மேல் மடிக்கணினி. வாத்தியார் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வாய்க்கும் மைக்குக்கும் ஒன்றரை அடி. எழுந்து கரும்பலகைக்குப் போனால் ஆறடி. தூரம் நாலு மடங்கு கூடினால் மைக்குக்கு நேராக வருகிற ஒலியின் வலு பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆனால் மின்விசிறி இருந்த இடத்திலேயே சுற்றுகிறது, சுவரில் பட்டுத் திரும்புகிற எதிரொலியும் அப்படியே இருக்கிறது. வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு இரண்டு காது இருக்கிறது, கண்ணும் இருக்கிறது. இரைச்சலை ஒதுக்கி வாத்தியாரின் குரலை மட்டும் பிடித்துக்கொள்ளும். மைக்குக்கு அந்த விவரம் கிடையாது. வந்ததை எல்லாம் ஒன்றாகக் கலந்து கடையநல்லூருக்கு அனுப்பிவிடும்.

ஆகவே முதலில் காலர் மைக். மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்தினால் வாத்தியார் எங்கே நடந்தாலும் மைக் கூடவே போகும். இதில் ஒரு சங்கதியை எனக்குப் பேராசிரியைகள்தான் கற்றுக்கொடுத்தார்கள். கம்பியில்லா மைக்கின் பெட்டியை இடுப்புப் பெல்ட்டில் மாட்டுவதற்கென்றே செய்கிறார்கள். புடவை கட்டியவர் எங்கே மாட்டுவார்? கையில் பிடித்துக்கொண்டே பாடம் நடத்தினார்கள். மார்புக்கு நேரே மைக்கைக் குத்தினால் தாலிச் சங்கிலி அதில் மோதும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது சுத்தியல் அடிப்பது போலக் கேட்கும். சுடிதார் என்றால் துப்பட்டா உரசும். டவுனில் ஒரு தையற்காரரிடம் சொல்லித் தோளில் மாட்டுகிற சிறு துணிப்பை பத்து தைத்து வாங்கினோம். மைக்கை இடது தோளில், முந்தானை மடிப்பு பின் குத்துகிற இடத்துக்குச் சற்றுக் கீழே வைத்தோம். அன்றோடு சங்கிலிச் சத்தம் நின்றது. அந்தப் பத்துப் பைகளும் அத்தனை விலை கொடுத்து வாங்கிய தொடுதிரையைவிட அதிகமாகப் பாடத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

அடுத்தது எதிரொலி. பத்தமடைப் பாய் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று பின்சுவரில் பாயை அடித்துப் பார்த்தேன். பலன் இல்லை. கோரைப்பாய் மெல்லியது, ஒலி அதைத் தாண்டிச் சுவரில் பட்டுத் திரும்பிவிடுகிறது. பிறகு தடித்த தேங்காய்நார்ப் பாயை வாங்கி, சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு மரச்சட்டத்தில் அடித்தேன். அறை அடங்கியது. கைதட்டினால் முன்பு ‘ணங்’ என்று நிற்கும் சத்தம் இப்போது தட்டிய உடனே செத்தது. வாத்தியாரின் தலைக்கு நேர்மேலே இருந்த மின்விசிறியைக் கழற்றிப் பக்கவாட்டுக்கு மாற்றினேன்.

இதற்குள் இன்னொரு சிக்கல் தலைகாட்டியது. வீட்டிலிருந்து ஒருவர் பேசினால் அது வகுப்பு ஸ்பீக்கரில் வரும், வகுப்பு மைக் அதைப் பிடித்து மறுபடி அவருக்கே அனுப்பும். தன் குரலே அரை நொடி தள்ளித் தன் காதில் விழுந்தால் யாராலும் பேச முடியாது, நாக்குத் தடுமாறும். கூடவே வகுப்பில் நாலு பேர் போனில் அதே கூட்டத்தில் சேர்ந்து ஒலியைத் திறந்து வைத்திருப்பார்கள். மைக் கூவ ஆரம்பித்துவிடும். நிறைய வாத்தியார்கள் இதற்குப் பயந்து வகுப்பு ஸ்பீக்கரை அணைத்துவிட்டார்கள். ஸ்பீக்கர் அணைந்தால் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய் இல்லை. பழைய எஜுசாட் டிஷ் திரும்பி வந்துவிட்டது.

இதற்கு மருந்து மைக் செட்காரர்களிடம் எப்போதும் உண்டு. மேடையில் பாடகருக்குப் போகிற ஒலி வேறு, சனத்துக்குப் போகிற ஒலி வேறு. மிக்ஸரில் இரண்டுக்கும் தனித்தனி வழி இருக்கும். அப்பாவின் பழைய மிக்ஸரை வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். வகுப்பில் இருக்கிற மைக்குகளை எல்லாம் ‘ஆக்ஸ்’ வழியாக மடிக்கணினிக்கு அனுப்பினேன். மடிக்கணினியிலிருந்து வருகிற வீட்டுக் குரலை ஸ்பீக்கருக்கு மட்டும் விட்டேன், ஆக்ஸ் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தேன். அவரவர் குரல் அவரவருக்கே திரும்பாமல் மற்ற எல்லாம் போகும். ஸ்பீக்கரை வாத்தியார் பக்கத்திலிருந்து எடுத்துப் பிள்ளைகளைப் பார்க்கத் திருப்பினேன். கூடவே ஒரு சட்டம் போட்டோம்: ஒரு அறைக்குள் ஒலி ஒரு வழியாகத்தான் உள்ளே வரும், ஒரு வழியாகத்தான் வெளியே போகும். வகுப்பில் இருப்பவர்கள் போனில் சேர்ந்தாலும் மைக்கும் ஸ்பீக்கரும் மூடியிருக்க வேண்டும்.

தமிழ்த் துறையில் மட்டும் புகார் நிற்கவில்லை. அந்தப் பேராசிரியை தேவாரத்தைப் பண்ணோடு பாடித்தான் நடத்துவார். அவர் பேசும்போது வீட்டில் தெளிவாகக் கேட்கும், பாட ஆரம்பித்ததும் துண்டு துண்டாக அறுந்துவிடும். மைக்கை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், பலிக்கவில்லை. கடைசியில்தான் பிடிபட்டது. ஜூம் போன்ற செயலிகள் இரைச்சலை நீக்குவதற்காகப் பேச்சு அல்லாத ஒலியை வெட்டுகின்றன. நீட்டிப் பாடுகிற குரலை ஜூம் மின்விசிறியோடு சேர்த்துவிட்டது. ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒரு அமைப்பு அதிலேயே இருந்தது. அதைப் போட்டதும் பாட்டு முழுதாகப் போயிற்று. இப்போது அவர் பாடத் தொடங்கும் முன் என்னைப் பார்ப்பார். நான் அதைப் போட்டுவிட்டு ஒரு கையைத் தூக்குவேன்.

*

பேச வழி திறந்த பிறகும் வீட்டுப் பிள்ளைகள் பேசவில்லை. அதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது.

பொருளியல் துறை வாத்தியார் ஒருவர் இதற்கு விளக்கம் சொன்னார். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களின் தொடக்கத்தில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டிருக்கிறார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடியாக ஆக்கியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசினார்கள். நேர் வகுப்பிலேயே இந்த நிலை என்றால் கலப்பு வகுப்பைச் சொல்ல வேண்டாம். வாத்தியார் “புரிஞ்சுதா?” என்று கேட்பது வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு கணம். பிள்ளை யோசிக்கச் சில நொடி. மூடிய மைக்கைத் தேடித் திறக்க இரண்டு நொடி. பதில் திரும்பி வர இன்னொரு கணம். அதற்குள் வாத்தியார் அடுத்த பத்திக்குப் போயிருப்பார். அந்தப் பிள்ளை மறுபடி மைக்கை மூடிவிடும். இரண்டு தடவை அப்படி நடந்தால் மூன்றாம் தடவை திறக்காது.

அந்த வாத்தியார் ஒரு வழி கண்டுபிடித்தார். கேள்வி கேட்டதும் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார். குடித்து மூடி வைப்பதற்குள் யாராவது பேசுவார்கள். அவர் வகுப்பில் வீட்டுக் குரல்கள் மற்ற வகுப்புகளைவிட அதிகம் கேட்டதை நான் மிக்ஸர் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். “யாருக்காவது சந்தேகமா?” என்று பொதுவாகக் கேட்பதையும் விட்டார். முதலில் வீட்டில் இருக்கிற ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்பார், பிறகு வகுப்பில் ஒருவர். வீட்டை இரண்டாவதாக வைத்தால் அதற்கு நேரமே வராது என்பார்.

வகுப்பில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி வீட்டுக்குப் போக இரண்டு கைமைக் கொடுத்தோம். மைக் போய்ச் சேராத மூலையிலிருந்து வந்த கேள்வியை வாத்தியார் தன் வாயால் ஒரு தடவை திரும்பச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். இது பழகச் சில வாரம் ஆயிற்று. பழகிய பிறகு வகுப்பில் பின்வரிசையில் இருந்தவர்களும், முன்வரிசைக் கேள்வி இப்போதுதான் தங்களுக்கே கேட்கிறது என்றார்கள்.

அப்போதும் எழுத்தில் வருகிற கேள்விகளை யார் பார்ப்பது? பாடம் நடத்துகிறவர் பாதியில் திரையைப் பார்த்தால் நூல் அறுந்துவிடும். தமிழ்ப் பேராசிரியைதான் வழி சொன்னார். வகுப்பில் இருக்கிற ஒரு மாணவர் அன்றைக்கு வீட்டில் இருப்பவர்களுக்காகத் திரையைப் பார்க்க வேண்டும். கேள்வி வந்தால் கையைத் தூக்கி அவர்கள் சார்பில் கேட்க வேண்டும். தினம் ஒருவர், முறை வைத்து. அந்த வேலைக்கு அவர் ‘வாயில்’ என்று பெயர் வைத்தார். அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே பேசப் போகிற பாணன், தோழி போன்றவர்களுக்கு வாயில்கள் என்று பெயராம். “இன்னைக்கு வாயில் யாரு?” என்று கேட்டுத்தான் வகுப்பு தொடங்கும். யாரிடமும் பேசாத ஒரு பையன் தன் முறை வந்த அன்று அடுத்தவர் கேள்வியைக் கேட்க எழுந்து நின்றான். அடுத்த வாரம் தன் கேள்வியையே கேட்டான்.

*

கணித வாத்தியார் கரும்பலகையை விடமாட்டேன் என்றார். “சாக்பீஸ் ஓடுற வேகத்துலதான் பிள்ளைக்கு யோசனை ஓடும் அண்ணாச்சி” என்றார். அவர் சொன்னது சரி என்று எனக்கும் பட்டது. பலகையை விடச் சொல்வதற்குப் பதில் பலகையைக் கேமராவுக்குப் பழக்கினோம். பலகையை மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரித்தோம். கேமராவை நடுவரிசையில் ஆள் உயரத்துக்கு மேலே நிறுத்தி அசைக்காமல் விட்டோம். ஜன்னல் வெளிச்சம் பலகையில் பளிச்சிட்டால் எழுத்து மறையும், எனவே அந்தப் பக்கம் கெட்டித் திரை. சிவப்பு, நீலச் சாக்பீஸ் கேமராவில் தெரியாது. வெள்ளையும் மஞ்சளும் மட்டும். எழுத்து நாலு விரல் உயரத்துக்குக் குறையக் கூடாது. ஒரு பத்தி நிறைந்ததும் அவர் இரண்டடி விலகி நிற்பார், ‘வாயில்’ ஒரு படம் எடுத்துக் குழுவில் போடுவார். வகுப்பில் இருப்பவர்களுக்கும் அந்த நேரத்தில் எழுதி முடிக்க மூச்சு கிடைத்தது.

நுணுக்கமான கணக்குகளுக்கு ஒரு தாங்கியில் போனைக் கவிழ்த்து வைத்து, கீழே வெள்ளைத்தாளில் எழுத வைத்தேன். அது புரொஜெக்டரிலும் தெரியும், வீட்டிலும் தெரியும். இரு பக்கமும் ஒரே தாளைப் பார்ப்பதில் ஒரு நன்மை: யாரும் குறைந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைக்க வேண்டியதில்லை.

டேட்டா இன்னொரு கவலை. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்தது. அதற்குப் பிறகு செலவு அவரவர் பாடு. வீடியோவோடு ஒரு மணி நேர வகுப்பு சுலபமாக அரை ஜிபி தின்னும். பேச்சை மட்டும் சுமாரான தரத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 30 எம்பி போதும். ஆகவே ஒவ்வொரு வகுப்பையும் ஒலியாகத் தனியே பதிந்து, பலகைப் படங்களோடு அன்று மாலையே போட்டோம். ஆலங்குளம் பக்கத்து மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: “பீடி சுத்திக்கிட்டே ரெண்டாம் தடவ கேட்டேன் அண்ணே. மொத தடவ விட்டதெல்லாம் புரிஞ்சுட்டு.” அவளுக்குக் கண்ணும் கையும் வேலையில் இருந்தன. காது மட்டும் எங்களுக்குக் கிடைத்தது.

*

இதில் வாத்தியார்கள் பட்டதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன். 2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு கலப்புக் கற்றல் பற்றி ஒரு கருத்துரு வெளியிட்டது; ஒரு பாடத்தில் 40 விழுக்காடு வரை இணையவழி நடத்தலாம் என்று அதில் இருந்தது. எங்கள் நிர்வாகம் அந்த விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டது, ஆளைப் பார்க்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று குறித்து அனுப்பச் சொன்னார்கள். இரண்டு வகுப்பை ஒருசேர நடத்துகிறவருக்கு ஒரு வகுப்பு என்றுதான் கணக்கு எழுதினார்கள்.

இருபது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்திய வரலாற்றுப் பேராசிரியை ஒருநாள் என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தொண்டை கட்டியிருந்தது. “ரெண்டு பிள்ளைய ரெண்டு இடுப்புலயும் தூக்கிக்கிட்டு நடக்குற மாதிரி இருக்கு அண்ணாச்சி. எது அழுதாலும் இன்னொன்னு நழுவுது” என்றார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அன்று அதைத் தவிர என்னால் எதுவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு துறைத் தலைவர்களோடு உட்கார்ந்து பேசிச் சில ஏற்பாடுகளைக் கொண்டுவந்தோம். எல்லாப் பாடமும் கலப்பாக வேண்டாம். ஆய்வகம் வேண்டவே வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு கலப்பு வகுப்புக்கு மேல் இல்லை. பத்து நிமிஷக் கணக்கெடுப்பு போய், வகுப்பு முடியும்போது ஒரு சின்னக் கேள்விக்கு இரண்டு வரிப் பதில் எழுதுவது வருகை ஆயிற்று. பெயர் திரையில் இருப்பதற்கும் பிள்ளை அங்கே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு வரியில் தெரியும். பதிவுகளைப் பற்றியும் பேசினோம். தன் பேச்சைத் துண்டு வெட்டி யாராவது பரப்பிவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் வாத்தியார் மனம் திறந்து பேச மாட்டார். பதிவு அந்த வகுப்புக்கு மட்டும், பருவத் தேர்வு முடிந்ததும் அழித்துவிடுவோம், எந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறாரோ அங்கே நிறுத்துவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அழிக்கிற பொறுப்பு என்னுடையது. ஒவ்வொரு பருவத்திலும் அழித்ததும் அவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

*

தொற்றுக் காலம் முடிந்ததும் கலப்பு வகுப்பு தேவையில்லை என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்தார்கள்; அந்தச் சத்தமே போதும் என்று இருந்தது. ஆனால் எல்லோரும் வரவில்லை. பைக் விபத்தில் கால் உடைந்து மூன்று மாதம் கட்டிலில் கிடந்தவன், வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள், கல்யாணமாகிப் பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்குப் போன முதுகலை மாணவி. முன்பெல்லாம் இவர்கள் வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போய், தேர்வெழுத முடியாமல், சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள். யாரும் துரத்தவில்லை, ஆனால் கதவு மூடிக்கொண்டது.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் பீட்டி என்ற பேராசிரியர் தொற்றுக்கு வெகு முன்பே, 2000-களின் நடுவில், இந்த முறையை ‘ஹைஃபிளெக்ஸ்’ என்று வடிவமைத்திருந்தார் என்று பொருளியல் வாத்தியார் சொன்னார். வகுப்புக்கு வருவதா, தூரத்திலிருந்து சேர்வதா என்று மாணவரே தெரிந்தெடுக்கலாம். எந்த வழியில் வந்தாலும் கற்பது ஈடாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஈடாக என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. ஒரே மாதிரி இருக்க முடியாது. தூரத்தில் இருப்பவருக்கு மரத்தடிப் பேச்சும் கேண்டீன் டீயும் கிடையாது. ஆனால் பாடத்தில் அவர் பங்கு குறையக் கூடாது.

இப்போது எங்கள் கல்லூரியில் எல்லா அறைகளிலும் இல்லை, நாலே நாலு அறைகளில் கலப்பு வகுப்பு நடக்கிறது. நாற்பது அறைகளில் அரைகுறையாகச் செய்வதைவிட நாலில் ஒழுங்காகச் செய்வோம் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

போன வருஷம் தமிழ் முதுகலை வகுப்பு. சங்கரன்கோவிலில் தாய் வீட்டில் இருந்த மாணவி இணைப்பில் இருந்தாள். அன்றைக்குத் திருக்குறளில் ‘கேள்வி’ அதிகாரம். அந்தப் பேராசிரியை, வள்ளுவர் கேள்வி என்று சொன்னது காதால் கேட்டுப் பெறுகிற அறிவை என்று விளக்கிக்கொண்டிருந்தார். இந்த மாணவி மைக்கைத் திறந்தாள். பின்னால் குழந்தை சிணுங்குகிற சத்தம். “அம்மா, காதால கேக்குறதுக்கும் கேள்வி, சந்தேகம் கேக்குறதுக்கும் கேள்வி. ரெண்டுக்கும் ஒரே சொல்லை ஏம்மா வச்சாங்க?”

பேராசிரியை பாட்டிலை எடுத்தார். அதற்குள் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் கைமைக்கை வாங்கினான். அவரைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைப் பார்த்துப் பேசினான். “ஒழுங்கா காது கொடுத்துக் கேட்டவனுக்குத்தான் திருப்பிக் கேக்கத் தோணும்க்கா. அதான் ஒண்ணா வச்சிருப்பாங்க.” அந்தப் பக்கமிருந்து அவள், “அப்ப திருப்பிக் கேக்க முடியாத இடத்துல கேட்டதும் பாதிதானா?” என்றாள். இன்னொரு பெண் எழுந்தாள். வகுப்புக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே கால் மணி நேரம் பேச்சு ஓடியது. பேராசிரியை மேஜையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

டிஷ்ஷுக்கு முன்னால் நின்று என்னிடம் கேட்ட அந்த இயற்பியல் பையனை நினைத்துக்கொண்டேன். நேரத்துக்கு வந்து உட்கார வேண்டியது இதற்காகத்தான் என்று இன்று அவனுக்குச் சொல்ல முடியும்.

குழந்தை பலமாக அழ ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் குறைக்க என் கை குமிழுக்குப் போயிற்று. குறைத்தால் அவள் குரலும் சேர்ந்து போய்விடும். கையை எடுத்துவிட்டேன். பேராசிரியை என் பக்கம் திரும்பிப் புருவத்தால் கேட்டார். நான் ஒரு கையைத் தூக்கினேன்.